மெட்ராஸ் மிஷின் அடிச்ச தாள்

கடைசியா எம் மச்சான உயிரோட பாத்தது, இப்ப நான் ஏறுனேனே, அதே கீரனூர் பஸ் ஸ்டாண்டுலதாங்க தம்பி. திருச்சி வண்டி கெளம்பிக்கிட்டு நிக்கிது. டிரைவரு ஆரன் அடிக்கிறாரு. இவரு படியில ஒரு காலு, தரையில ஒரு காலு. கையில மஞ்சப்பை. வழி பூராவும் வாயத் தொறக்காத மனுசன், அப்ப ஒரே ஒரு பேச்சு சொன்னாரு. சொல்லிப்புட்டு ஏறிப்போயி அங்கிட்டு சன்னலோரமா உக்காந்துக்கிட்டாரு. இங்கிட்டு உக்காந்தா என் மூஞ்சியப் பாக்கணும்ல. வண்டி போயிருச்சு. அடுத்த மாசம் மெட்ராஸ்லேர்ந்து தந்தி. ஆபீஸ் மாடிப்படியில மூச்சு வாங்குதுன்னு உக்காந்தவரு, எந்திரிக்கவே இல்லையாம்.

என்ன சொன்னாரா? சொல்றேன். அத மட்டும் தனியா எடுத்துச் சொன்னா ஒங்களுக்கு ஒண்ணும் வெளங்காது. மொதல்லேர்ந்து வந்தாத்தான் சரியா வரும்.

வேணாம், வேணாம், பை மடியிலயே இருக்கட்டும். மேல வச்சா வண்டி குலுங்குற குலுங்குக்கு யாரு மண்டையிலயாவது விழும். கனந்தான். பரவாயில்ல.

ஒங்ககிட்ட எதுக்கு இதச் சொல்றேன்னா, ஒங்க சட்டப்பையில துருத்திக்கிட்டு இருக்குதே அந்த அட்டை, அதப் பாத்துட்டுத்தான். கண்டக்டரு டிக்கெட்டுன்னு நெனச்சு அத வாங்கிப் பாத்துட்டு, ஏன் சார், எனக்கு முன்னாடியே எவனோ கன்னாபின்னான்னு ஓட்டை போட்டுட்டானேன்னாரு பாருங்க, வண்டியே சிரிச்சுச்சு. நான் சிரிக்கல. எனக்கு அது என்னன்னு தெரியும். கம்ப்யூட்டர் கார்டு. ஒரு மூலைய மட்டும் சாய்ச்சு வெட்டியிருப்பாங்க. ஒரு கார்டுக்கு ஒரு வரி. சரிதானே? ஆனா கையில தொட்டதில்ல. குடுங்க பாப்போம். அட, இம்புட்டு லேசாவா இருக்கும். நான் இன்னும் கொஞ்சம் கெட்டியா நெனச்சிருந்தேன்.

நான் ஆவூர்ப் பக்கம் மிஷன் ஸ்கூல்ல வாத்தியாரு. இருதயநாதன்னு பேரு. காலேஜெல்லாம் போகல. ட்ரெய்னிங் முடிச்சுட்டு அப்படியே பள்ளிக்கூடத்துக்கு வந்தவன்தான். மத்தது நானாப் படிச்சது. எம் பொஞ்சாதி அடைக்கலமேரி போன வருசம் தவறிட்டா. அவ கூடப்பொறந்த அண்ணந்தான் நான் சொன்ன மச்சான், தைரியநாதன். மெட்ராஸ்ல கிண்டிப் பக்கம் ஒரு ஆபீஸ்ல வேலை. அங்க கம்ப்யூட்டர் எறக்கியிருந்தாங்க. மச்சானுக்கு அங்க என்ன வேலைன்னு நாங்க யாரும் கேட்டதில்ல. கம்ப்யூட்டர் ஆபீஸ்ல இருக்காருன்னா அவருதான் அத ஓட்டுறாருன்னு ஊரே முடிவு பண்ணிக்கிச்சு. அவரும் இல்லேன்னு சொல்லல.

எங்களுக்கு ஒரு புள்ள பொறந்து, ஞானஸ்நானம் குடுக்குறதுக்குள்ள போயிருச்சுங்க. அதுக்கப்புறம் நான் ஸ்கூலுக்குப் போவேன், பாடம் நடத்துவேன், வீட்டுக்கு வந்தா செவத்தப் பாத்து உக்காந்துருவேன். பேசவே மாட்டேன்னு அவ சொல்லுவா. எனக்கு அப்படித் தோணல, பேசிக்கிட்டு இருந்ததாத்தான் நெனப்பு. அவளும் ஒரு மாதிரியாத்தான் இருந்தா. கீரனூர்ல பழனிச்சாமின்னு ஒருத்தரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வச்சிருந்தாரு. வீட்டுலயே கெடந்து அழ வேணாம்னு நாந்தான் அவள அதுல சேத்துவிட்டேன். எட்டாவது படிச்சவ, இங்கிலீசு எழுத்து எல்லாம் தெரியும். வாரத்துல சில நாளு காலையில வண்டி ஏறிப் போயி மத்தியானம் வந்துருவா. கைத்தொழில் ஒண்ணு இருக்கட்டுமேன்னு நெனச்சேன்.

அப்பத்தான் மச்சான் ஒரு பொஸ்தகம் அனுப்பிச்சாரு. அட்டை இல்ல, மொத ஏழெட்டுப் பக்கமும் இல்ல. ஃபோர்ட்ரான், கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுற பாஷை. ஆபீஸ்ல வேணாம்னு போட்டிருந்தாங்களாம். கூடவே ஒரு காயிதம். மாப்ள, இங்க இருக்குற பசங்க ஒரு வெளையாட்டு வெளையாடுறானுக, ஒனக்குத்தான் கணக்குப் புத்தியாச்சே, முடியுதான்னு பாருன்னு எழுதியிருந்தாரு. என்ன வெளையாட்டுன்னா, ஒரு ப்ரோகிராம் எழுதணும். அத மிஷினுக்குள்ள விட்டா, அது அந்த ப்ரோகிராமையே எழுத்து பெசகாம அச்சடிச்சு வெளிய தள்ளணும். கார்டைப் படிச்சு அப்படியே அடின்னு சொல்லக்கூடாது, அது கள்ள ஆட்டம். ப்ரோகிராம் தனக்குள்ள இருக்குறத வச்சே தன்னை எழுதிக்கணும். எவன் எழுதுனது ரொம்பச் சின்னதோ அவன் கெட்டிக்காரன்.

ஒங்க ஆபீஸ்லயும் வெளையாடுறாங்களா? அப்ப நான் ரொம்ப வெளக்க வேணாம். மொதத் தடவ யோசிச்சப்ப ஒங்களுக்கும் தல சுத்தியிருக்கும். அச்சடின்னு ஒரு வரி எழுதுறோம். அப்ப அச்சடிங்கிற அந்த வரியையும் அச்சடிக்கணும். அதுக்கு இன்னொரு வரி. அந்த வரிய யாரு அடிக்கிறது? முடிவே இல்லாம போகுது. மாசக்கணக்கா அதுலயே கெடந்தேன்.

வழி கெடச்சது க்ளாஸ்ல. டிக்டேஷன் சொல்லிக்கிட்டு இருக்கேன். பெரியகருப்பன்னு ஒரு பய. நோட்ட வாங்கிப் பாத்தா, எழுதுங்கடா, நேற்று மழை பெய்தது, முற்றுப்புள்ளி, டேய் அந்தச் சன்னலச் சாத்து, குளம் நிரம்பியதுன்னு, நான் பேசுன அம்புட்டையும் எழுதி வச்சிருக்கான். பெரம்ப எடுத்துட்டேன். ஓங்குன கை அப்படியே நின்னுருச்சு. மத்த பயலுக்கெல்லாம் சன்னலச் சாத்துங்கிறது கட்டளை. இவனுக்கு அது வெறும் எழுத்து. அதுதான் தம்பி சூச்சுமம். ஒரே சரக்கு, ரெண்டு தடவ வரணும். ஒரு தடவ செய்யிற கட்டளையா, இன்னொரு தடவ ஒப்பிக்கிற எழுத்தா. அன்னிக்கு அவனுக்கு அடி விழல. ஏன்னு அவனுக்கு இன்னவரைக்கும் தெரியாது.

அன்னிக்கு வீட்டுக்குப் போயி மேரிகிட்ட மூச்சுவிடாமப் பேசுனேன். அவ மாவாட்டிக்கிட்டு இருந்தா. கையக்கூடக் கழுவாம கேட்டுக்கிட்டு இருந்தா. எல்லாத்தையும் கேட்டுட்டு, குடுத்ததையே திருப்பிக் குடுக்குறதுக்கு மிஷின் எதுக்குங்க, பாத்து எழுதச் சொன்னா நானே எழுதிட்டுப் போறேன்னா. நான் எப்படிச் சிரிச்சேன் தெரியுமா. அடி கழுத, அதுல என்னடி இருக்கு, மிஷின் தானாச் செஞ்சாத்தானடி அதுக்குப் பேருன்னேன். அவளும் சிரிச்சா.

மொத ப்ரோகிராம் முழுசா ஒரு தாளு வந்துச்சு. கவர்ல போட்டு அவகிட்டயே குடுத்தேன். கீரனூர்ல இன்ஸ்டிட்யூட்டுக்குப் பக்கத்துலயே போஸ்ட் ஆபீஸ், போறப்ப போட்டுருவா. பத்துப் பதினஞ்சு நாள்ல மெட்ராஸ் முத்திரையோட பதிலு. மச்சான் கையெழுத்துல ஒரே வரி, மிஷின் ஒத்துக்கிச்சு மாப்ளன்னு. உள்ள மிஷின் அடிச்ச தாளு. எல்லாம் பெரிய எழுத்து. நான் எழுதுனது அப்படியே. ஒரு புள்ளி மாறல. அத ஒரு கையில, என் பிரதிய ஒரு கையில வச்சுக்கிட்டு எழுத்தெழுத்தா ஒத்துப் பாத்தேன். அவ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. சரியா இருக்காங்கன்னு கேட்டா. சரியா இருக்குடின்னேன்.

ஒண்ணு சொல்லணும். அந்தத் தாள்ல இங்கிலீசு ஆர் எழுத்து மட்டும் வரியவிட்டு லேசா மேலேறி விழுந்திருக்கும். எல்லா எடத்துலயும். மெட்ராஸ் மிஷினுக்கு ஆர் மட்டும் நொண்டும்டான்னு க்ளாஸ்ல பயலுகளுக்குக் கரும்பலகையில எழுதியே காட்டுனேன். அம்புட்டுப் பெரிய மிஷினு, கோளாறு என்னமோ ஒரே எழுத்துலன்னு எனக்கு அதுல ஒரு சந்தோசம். நேருல பாத்துப் பழகுன ஆளு மாதிரி.

அப்பறம் ஓயல. அரைத் தாளாக் கொறச்சேன். அனுப்புனேன், ஒத்துக்கிச்சு. கால் தாளு. ஒத்துக்கிச்சு. ராத்திரி பகலு அதேதான். சோறு தின்னேன், பேசுனேன், கோயிலுக்குப் போனேன். எங்க ஹெட்மாஸ்டரு கோயில் பாதிரியாருதான், அந்தச் சாமியாரு ஒரு நாளு அசெம்பிளியில, நம்ம இருதயநாதன் சார் எழுதுற கணக்க மெட்ராஸ்ல மிஷின் போடுதுன்னு சொல்லிட்டாரு. அன்னியிலேர்ந்து எம் பேரு மிஷின் வாத்தியாரு. கடைசியில கையகலத்துக்குக் கொண்டாந்துட்டேன். மச்சான் எழுதுனாரு, மாப்ள, இதுக்குமேல இங்க ஒருத்தனும் கொறைக்கலேன்னு.

மாத்தூர் வந்துருச்சா. எறங்குறவுங்களுக்கு வழி விடுங்க... ம். இங்கிட்டு தள்ளி உக்காருங்க.

அந்தச் சமயத்துல திருச்சியில ஒரு ஃபேக்டரியில கார்டு மிஷின் செக்ஷனுக்கு ஆளு எடுத்தாங்க. பேரு வேணாம், நீங்க அங்கயே இருந்தாலும் இருப்பீங்க. வயசு கொஞ்சம் ஏறிப்போச்சு, ஆனாலும் போட்டுப் பாப்போம்னு போட்டேன். கூப்புட்டாங்க. சாமியார்கிட்ட சொன்னேன். கெடச்ச மாதிரியேதான் சொன்னேன், கெடைக்கும்னுதான் நெனச்சேன். அவரு எங் க்ளாசுக்கு வேற ஆளு பேசி வச்சுட்டாரு. பொறப்படுற அன்னிக்கு மேரி வெள்ளச் சட்டைக்குத் தேச்சு மடிப்பு எடுத்தா. நான் மிஷின் தாளையெல்லாம் ஃபைல்ல அடுக்கிக்கிட்டு இருக்கேன். அதெல்லாம் எதுக்குங்க, சர்ட்டிபிகேட்டு போதாதான்னா. எனக்கு ஏறுன கோவம். இதுதாண்டி சர்ட்டிபிகேட்டுன்னேன். அவ ஃபைலுக்கு நாடா மட்டும் கட்டிக் குடுத்தா.

இன்டர்வியூவுல மூணு பேரு. நடுவுல உக்காந்திருந்தவரு தங்கமான மனுசன். இப்பவும் அவருமேல எனக்கு வருத்தமில்ல. கையகலத் தாள எடுத்துப் பென்சிலால தொட்டுத் தொட்டுப் படிச்சாரு. ஒரு எடத்துல நின்னுட்டாரு. ஒங்களுக்குத்தான் தெரியுமே, ஃபார்மேட்டுல எழுத்துகள அடிக்கச் சொல்றப்ப, மொத்தம் எத்தன எழுத்துன்னு எண்ணிப் போட்டு, ஹெச் போட்டு, அப்பறந்தான் எழுத்தப் போடணும். நடுவுல வெத்து எடம் இருந்தா அதையும் ஒரு எழுத்தா எண்ணணும். நான் கட்டம் போட்ட தாளுக்கு எங்க போவேன், வெறும் நோட்டுல எழுதுறவன். வாத்தியாரு புத்தி, வெத்து எடம் எழுத்தான்னு ஒரு எடத்துல விட்டுட்டேன். எண்ணிக்கை ஒண்ணு கொறச்சல்.

அவரு மெதுவாத்தான் சொன்னாரு. சார், இது ஓடியிருக்காதே, மிஷின் இந்த வரியிலயே நின்னுருக்குமேன்னு. நான், இல்ல சார், ஓடுச்சு, மிஷின் அடிச்ச தாளுதான் ஒங்க கையில இருக்குன்னேன். அவரு தாளத் திருப்பிப் பின்பக்கத்தத் தடவிப் பாத்தாரு. எழுத்து அழுந்தித் துருத்திக்கிட்டு இருந்துச்சு. முற்றுப்புள்ளி இருந்த எடமெல்லாம் ஊசி குத்துன மாதிரி பொத்தல். மேசையிலேர்ந்து அவுங்க மிஷின் தாளு ஒண்ண எடுத்துப் பக்கத்துல வச்சாரு. ரெண்டு ஓரத்துலயும் வரிசையா ஓட்டை, எழுத்து வேற மாதிரி. காப்பி குடிச்சுட்டுப் போங்க சார்னாரு. நான் குடிச்சேன் தம்பி. அதுதான் இன்னவரைக்கும் ஆறல. அந்தக் காப்பிய நான் குடிச்சேன்.

ஆமா, நீங்க சொல்றது சரி. வேற எந்த ப்ரோகிராமா இருந்தாலும் ஏமாத்த முடியாது. ஒரு வட்டிக்கணக்குன்னா கூட, உள்ள போறது ஒண்ணு, வர்றது ஒண்ணு. விடைய உண்டாக்கத் தெரியணும். இது ஒண்ணுக்குத்தான் விடை கேள்வியிலயே இருக்கு. பாத்து அடிச்சாப் போதும். ஒழுங்கா ஓடிச்சா, ஓடவே இல்லையான்னு தாளப் பாத்துச் சொல்ல முடியாது. தப்பா எழுதுனதுதான் காட்டிக் குடுக்கும். நான் தப்பா எழுதுனேன், அந்தத் தப்பையும் அப்படியே அடிச்சு வந்திருந்துச்சு.

நம்ம சந்தேகம் யாருமேல போகும்? மச்சான்மேலதானே. அன்னிக்கே காயிதம் எழுதுனேன், எழுதக்கூடாத வார்த்தையெல்லாம் போட்டு. பதில் இல்ல. ஈஸ்டருக்குப் பாஸ்கு நாடகம் பாக்க ஆவூருக்கு வந்தவரு வீட்டு வாசலுக்கு வந்தாரு. உள்ள வரக்கூடாதுன்னுட்டேன். ஏய்யா, ஓட்டலேன்னா ஓட்டலேன்னு சொல்ல வேண்டியதுதானே, நான் என்ன பாப்பாவான்னு கேட்டேன். தெருவுல நாலு பேரு பாக்குறாங்க. அந்தாளு தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறாரு. மேரி சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தா. வாசல்ல நின்னே குடிச்சாரு. அண்ணனும் தங்கச்சியும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. நான் அதப் பாசம்னு நெனச்சேன்.

அதுக்கப்பறம் வேற ஆளு வந்துட்டதால ஸ்கூல்ல என்னைய சின்ன புள்ளைங்க க்ளாசுக்குத் தள்ளிட்டாங்க. மிஷின் வாத்தியாருங்கிற பேரு மட்டும் போகல. முன்னாடி மரியாதைக்குச் சொன்னாங்க, பின்னாடி சிரிக்கிறதுக்கு. ஒவ்வொரு நாளும் சோத்துல கை வைக்கிறப்ப எனக்கு அந்தாளு நெனப்பு வரும். திட்டுவேன். துரோகின்னுவேன். மாமனாரு வம்சத்தையே இழுப்பேன். அவ எதுத்து ஒரு வார்த்த பேசுனதில்ல. போதுங்க, ஆறிப்போகுது, சாப்புடுங்கன்னு கொழம்ப ஊத்துவா. ரெண்டு வருசம் தம்பி. ஒரு நேரம் விடாம அவ அண்ணன அவ முன்னாடி திட்டியிருக்கேன். அவ கொழம்பு ஊத்துவா.

போன வருசம் மஞ்சக்காமாலை. கீழாநெல்லி குடுத்தோம், புதுக்கோட்டைக்குக் கொண்டு போனோம், ஒண்ணும் கேக்கல. சாமியாரு வந்து, சாகப்போறவுங்களுக்குப் பூசுற எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசுனாரு. எங்கள வெளிய இருக்கச் சொல்லிட்டுப் பாவசங்கீர்த்தனம் கேட்டாரு. ரொம்ப நேரம் ஆச்சு. இவ என்ன பெரிய பாவத்தப் பண்ணிட்டா, இம்புட்டு நேரம் சொல்றதுக்குன்னு நெனச்சுக்கிட்டு வெளிய நின்னேன். அவருகிட்ட சொல்லியிருப்பா. எங்கிட்ட சொல்லல.

முப்பதாம் நாள் பூசைக்கு மச்சான் வந்தாரு. தங்கச்சி காரியம், வராதேன்னு சொல்ல முடியுமா. பூசை முடிஞ்சு கல்லறைக்குப் போயி மெழுகுவத்தி ஏத்துனோம். ஊருக்காக நானும் கூடக் கீரனூர் வரைக்கும் போயி வழியனுப்புனேன். அப்பத்தான் படியில காலு வச்சுக்கிட்டுச் சொன்னாரு.

மாப்ள, நான் வெறும் தபால்காரன்யா, அடிச்சதெல்லாம் மேரிதான்.

அம்புட்டுத்தான். வண்டி போயிருச்சு.

மத்ததெல்லாம் நான் பெறகு விசாரிச்சுக் கோத்துக்கிட்டது. மச்சான் அடக்கத்துக்கு மெட்ராஸ் போயிருந்தப்ப அவரு கூட வேலை பாத்த ஆண்டியப்பன்னு ஒருத்தரு சொன்னாரு. மச்சான் அங்க அட்டெண்டராம். கார்டுப் பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போயி கண்ணாடிக் கதவு வரைக்கும் வைப்பாராம். உள்ள குளுகுளுன்னு இருக்குமாம், செருப்போட போகக்கூடாதாம், இவரு செருப்பில்லாமயும் போனதில்லையாம். எந் தாள எடுத்துக்கிட்டு ஆபரேட்டருக்குப் பின்னாலயே அலைஞ்சிருக்காரு. ஆபீஸ் மிஷின்ல ஒங்க வீட்டு வெளையாட்டெல்லாம் ஓட்ட முடியாதுய்யான்னு சிரிச்சிருக்காங்க. அத தங்கச்சிக்கு எழுதியிருக்காரு போல. அதுக்கு அவ என்ன பதில் எழுதுனா, யாரு யோசனை இது, எதுவும் எனக்குத் தெரியாது. கேக்குறதுக்கு ரெண்டு பேருமே இல்ல.

பழனிச்சாமிகிட்ட போனேன். அவரு சும்மா சாதாரணமாச் சொல்றாரு, ஆமா சார், அம்மா எப்பவும் மூணாவது மிஷின்லதான் உக்காருவாங்க, பாடம் முடிஞ்சதும் ஒரு தாளப் பாத்துப் பாத்து அடிப்பாங்க, ஒரு எழுத்து தப்பானாலும் கிழிச்சுப் போட்டுட்டு மொதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்கன்னு. மொதத் தாள மச்சான் இந்த இன்ஸ்டிட்யூட் விலாசத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கணும். அதுக்கப்பறம் நான் குடுத்த கவரையெல்லாம் அவ போஸ்ட் ஆபீசுக்கு முன்னாடி இங்க கொண்டாந்திருக்கா. இங்க அடிச்சத மச்சானுக்கு அனுப்பி, அவரு மெட்ராஸ் முத்திரையோட எனக்கு அனுப்பியிருக்காரு. நான் அந்த மிஷின் முன்னாடி உக்காந்து ஆர் எழுத்த ஒரு தட்டு தட்டுனேன். மேலேறி விழுந்துச்சு.

நல்ல மனசுன்னுதான் நானும் மொதல்ல நெனச்சுப் பாத்தேன் தம்பி. நீங்க சொல்ற மாதிரி, புருசன் பேச ஆரம்பிச்சுட்டான், மிஷின் மாட்டேன்னுருச்சுன்னு சொன்னா திரும்பவும் செவத்தப் பாத்து உக்காந்துருவானேன்னு பயந்திருப்பா. மொதத் தடவைக்கு அது சரி. ரெண்டாந் தடவ? நான் ஃபைல எடுத்துக்கிட்டுப் பஸ் ஏறுன அன்னிக்கு? ஓடலேன்னு சொல்லியிருந்தா எங்க தப்புன்னு பாத்துத் திருத்தியிருப்பேன். நான் யாரு? தெனமும் அடுத்தவன் தப்பத் திருத்துறதுதான் எம் பொழப்பு. எந் தப்பத் திருத்துறதுக்கு என்னைய விடல அவ. என்னைய நோயாளியா வச்சுக்கிட்டா. நான் சோத்துல கை வச்சுக்கிட்டு அண்ணனத் திட்டுறப்ப, நாந்தாங்க அதுன்னு ஒரே ஒரு வார்த்த. கொழம்பு ஊத்துற கைய நிறுத்திட்டு ஒரு வார்த்த.

அவளும் நானும் சேந்து சந்தோசமா இருந்ததாத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். நான் சிரிச்சா சிரிப்பா. சரியா இருக்காங்கன்னு கேப்பா. இப்ப யோசிச்சா அதுவும் என்னதப் பாத்துப் பாத்து அடிச்சதுதானான்னு தோணுது. எப்படிக் கண்டுபிடிப்பீங்க? ரெண்டும் ஒண்ணுபோலத்தானே இருக்கும்.

ஏர்ப்போர்ட்டு போகுது பாருங்க. அடுத்து டோல்கேட்டு. நீங்க எங்க எறங்கணும்?

ஆமா, தப்பத் திருத்திட்டேன். இன்டர்வியூ முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே திருத்திட்டேன். வெத்து எடத்தையும் எண்ணியாச்சு. பையில இருக்கு, கையகலந்தான். ஒங்க ஆபீஸ்ல ஓட்டிப் பாத்துச் சொல்றீங்களா? நல்ல புள்ள. முகத்தப் பாத்தாலே தெரியுது. ஆனா வேணாம் தம்பி. கோவிச்சுக்காதீங்க. நீங்க ஒரு தாளு அனுப்புவீங்க. நான் குடுத்த மாதிரியே இருக்கும். நீங்க ஓட்டுனீங்களா, இல்ல பாவம் வயசாளின்னு உக்காந்து அடிச்சீங்களான்னு நான் எதப் பாத்துத் தெரிஞ்சுக்கிறது? மிஷின் தாள்லயே கூட அடிச்சு அனுப்பலாம். ஓரத்துல ஓட்டையோட.

இந்தாங்க ஒங்க கார்டு. ரொம்ப நேரமாக் கையிலயே வச்சிருக்கேன், வேர்வை பட்டுருச்சு.

நானா? டவுன் கடைவீதிக்கு, மெயின்கார்டு கேட்டுப் பக்கம் போகணும். டைப்ரைட்டருக்கு ரிப்பன் மாத்துற கடை ஒண்ணு இருக்காம். மடியில இருக்குறது அதுதாங்க, அந்த மூணாவது மிஷின். பழனிச்சாமி புதுசு வாங்குறாருன்னு பழசத் தள்ளிவிட்டாரு, நான் எடுத்துக்கிட்டேன். எதுக்குன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல. இன்னும் ஒரு தாளுகூட அதுல அடிக்கல. கடைக்காரன் பாத்தா, சார், ஆர் மேலேறுது, ஒரு நிமிசத்துல சரி பண்ணிரலாம்னுதான் சொல்லுவான். அதத் தொட வேணாம்னு சொல்லணும். மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க, அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல.

எம் ப்ரோகிராமை இதுவரைக்கும் அடிச்சது இந்த ஒரு மிஷின்தான்.